வீட்டுலயே கத்தி செய்யணுமா? முதல்ல சூட்டைப் பழகுங்க

நிறைய பேர் கத்தி செய்றதுன்னா ஷேப்பும் பாலிஷும்தான்னு நினைக்கிறாங்க, ஆனா வெட்டுறது ஷேப் இல்ல, பதம், அதாவது சுட்டு எண்ணெயில விட்டு இரும்பைக் கெட்டியாக்குறது. பதம் சரியில்லன்னா எவ்ளோ அழகா இருந்தாலும் நாலு வெங்காயத்துல மழுங்கிடும். குரு இல்லாம தானா கத்துக்கிறவங்க அதுலதான் நேரத்தைப் போடணும்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

முதல் கத்தி 6 இன்ச் சமையல் கத்தியா இருக்கட்டும். அருவாள், பட்டாக்கத்தின்னு ஆசைப்படாதீங்க, வீட்டு வேலை விவசாய வேலைன்னு இல்லாம 9 இன்ச்சுக்கு மேல நீளமாவோ 2 இன்ச்சுக்கு மேல அகலமாவோ செஞ்சா ஆயுதச் சட்டம் உள்ள வந்துடும்.

இரும்பு விஷயத்துக்கு வருவோம். ஹார்ட்வேர் கடை எம்.எஸ் (மைல்ட் ஸ்டீல்) பட்டை, கட்டடத்துக்குப் போடுற டி.எம்.டி கம்பி ரெண்டும் வேணாம், அதுல கார்பன் கம்மி, எப்படி சுட்டாலும் பதம் ஏறாது. லாரி ஸ்பிரிங் பட்டைல சுமார் 0.6 சதவீதம் கார்பன் இருக்கும், நம்ம ஊர் கொல்லுப்பட்டறைல அருவாள் அடிக்கிறதும் பெரும்பாலும் இதுலதான். ஓடித் தேஞ்ச பட்டைல கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அதனால ஸ்பிரிங் கட்டுற கடைல புதுப் பட்டையோட வெட்டுத்துண்டு கேட்டு வாங்குங்க. அது ஏற்கனவே பதம் ஏத்தினது, அப்படியே ட்ரில் போட்டா பிட்டுதான் கருகும், சிவக்க சுட்டு சாம்பல்ல புதைச்சு ராத்திரி முழுக்க விட்டா இளகிடும். வளைவை நிமிர்த்தி 3 மி.மீ கனத்துக்குக் கொண்டு வர்ற வேலைய மட்டும் பக்கத்துல இருக்கிற கொல்லர்கிட்ட காசு குடுத்து செஞ்சுக்கலாம், தப்பே இல்ல, அவர் அடிக்கிறத நின்னு பாத்தாலே பாதி பாடம்.

அப்புறம் அட்டைல வரைஞ்சு வெட்டி, கைல பிடிச்சுப் பாத்து, திருப்தியானதும் பட்டைல மார்க் பண்ணி கிரைண்டர்ல வெட்டுங்க. கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாம கிரைண்டர் ஸ்விட்ச்ச தொடாதீங்க. வெட்டுற ஓரம் வரைக்கும் மெலிஞ்சு வர்ற சரிவு எடுக்க அரம் போதும், மெதுவா போகும், ஆனா தப்பும் மெதுவாத்தான் போகும். வெட்டுற ஓரத்த இப்பவே கூர் ஆக்கிடாதீங்க, 1 மி.மீ விட்டு வைங்க, மெல்லிசா இருந்தா எண்ணெயில விட்டதும் நெளியும், இல்லன்னா விரியும். பிடிக்கு ஓட்டையும் இப்பவே போட்டுடணும், பதம் ஏறினப்புறம் ட்ரில் இறங்காது.

இப்பதான் முக்கியமான இடம். கத்தியை உலைல வைக்கிறதுக்கு முன்னாடி அதே பட்டைல விரல் அகலத்துக்கு சில துண்டு வெட்டி எடுத்து அதுல பழகுங்க. மரக்கரி உலை, ஒரு சின்ன ப்ளோவர், வெளிச்சம் கம்மியான இடம், ஏன்னா வெயில்ல நெருப்போட கலர் கண்ணுக்குத் தெரியாது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்ணு பக்கத்துல வைங்க. துண்டு சிவந்து காந்தம் ஒட்டாம போற நேரம் சுமார் 770 டிகிரி, அங்கயே நிறுத்தாம கலர் இன்னும் ஒரு படி ஏறி 830 கிட்ட வரணும், கொஞ்ச நேரம் அந்தச் சூட்டுலயே பிடிச்சு வச்சு உடனே எண்ணெய்க்குள்ள. தண்ணி வேண்டாம், இந்த இரும்பு தண்ணில விரிஞ்சுடும். கடலை எண்ணெய் போதும், 50-60 டிகிரிக்கு சூடு பண்ணி இரும்பு டப்பால ஊத்துங்க, தீ பிடிச்சா மூட ஒரு மூடி கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும்.

ஆறினதும் துண்டை வைஸ்ல பிடிச்சு, மேல கெட்டித் துணி போட்டு உடைச்சுப் பாருங்க. உடைஞ்ச முகம் மங்கலா, சாம்பல் நிறமா, பொடி நைஸா இருந்தா சூடு சரி. சர்க்கரை மாதிரி மினுமினுன்னு இருந்தா சூடு அதிகம், குறைச்சு அடுத்த துண்டை வைங்க. உடையாம வளைஞ்சா சூடு பத்தலன்னு அர்த்தம். எந்த வீடியோவும் இந்த அளவுக்கு கண்ணைப் பழக்காது.

கலர் பிடிபட்டதும் கத்தியை வைங்க. நுனி கீழ பாக்க நேரா இறக்கணும், பக்கவாட்டுல ஆட்டக் கூடாது. வெளிய எடுத்து ஓரத்துல அரத்தை இழுத்தா பிடிக்காம சர்ருனு வழுக்கிட்டு ஓடணும். அந்த நிலைல அது ரொம்ப உடையிற பொருள், கீழ போட்டா போச்சு, அதனால தள்ளிப் போடாம உடனே ஓவன்ல 200 டிகிரில 2 மணி நேரம், ஆற விட்டு இன்னொரு 2 மணி நேரம். தேச்சு பளபளன்னு வச்ச இடம் வைக்கோல் நிறத்துக்கு வரும். ஓவன் டயலை நம்பாதீங்க, தனி தெர்மாமீட்டர் ஒண்ணு உள்ள வைங்க.

இதுக்கப்புறம் கிரைண்ட் பண்றப்போ கிளவுஸ் போடாம வெறுங்கைல பிடிங்க, கை சுட்டா உடனே கத்தியை தண்ணில முக்குங்க. நீல நிறம் தட்டிடுச்சுன்னா அந்த இடத்துல பதம் போயிடுச்சு.

பிடிக்கு தேக்கு மரமோ ஈட்டி மரமோ எது கிடைச்சாலும் சரி, நல்லா காஞ்சிருக்கணும். கத்திப் பக்கம் வர்ற முன் முகத்தை மட்டும் ஒட்டுறதுக்கு முன்னாடியே உப்புத்தாள் போட்டு முடிச்சிடுங்க, ஒட்டினப்புறம் அங்க கை வச்சா கத்திலதான் கீறல் விழும். பித்தளைக் கம்பி ஆணி, மெதுவா இறுகுற அரால்டைட் பசை, ஒரு ராத்திரி கிளாம்ப்.

கடைசியா சாணை. 400 கிரிட் (சொரசொரப்பு நம்பர்) கல்லு, அப்புறம் 1000, பக்கத்துக்கு 15 டிகிரி சாய்வு. ஒரு பக்கம் தேச்சா மறு பக்கம் வெட்டுற ஓரம் நெடுக பிசிறு விரல்ல தட்டுப்படணும், அது வந்தப்புறம்தான் திருப்பணும். மிச்சப் பிசிறை பழைய லெதர் பெல்ட்ல இழுத்து எடுங்க. இது துருப்பிடிக்கிற இரும்பு, எலுமிச்சை வெட்டினா உடனே கழுவித் துடைச்சிடணும், நாலு நாள் சும்மா கிடக்கும்னா ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவி வைங்க.