சட்டமன்ற வேட்பாளரை விசாரித்து வாக்களிப்பது எப்படி: பாலக்காட்டு எல்லை வாக்காளருக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி பக்கத்துத் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நாம் பார்க்கும் தொலைக்காட்சியும் படிக்கும் நாளிதழும் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் செய்திகளையே தருவதால், பொள்ளாச்சியில் நிற்பவரைப் பற்றித் தெரிந்திருக்கும் அளவுக்குக்கூட நம்முடைய சித்தூர்த் தொகுதியில் நிற்பவரைப் பற்றித் தெரிவதில்லை. வேட்பாளரைப் பற்றிய முதன்மையான ஆவணத்தை அவரே கையெழுத்திட்டுத் தந்திருக்கிறார் என்பதால், விசாரணையை அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அது வேட்புமனுவுடன் இணைக்கப்படும் படிவம் 26 என்னும் பிரமாணப் பத்திரம். குற்ற வழக்கு, சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததன் பயனாக இது நமக்குக் கிடைக்கிறது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும், அதன் செயலியிலும், தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் இதைப் பார்க்கலாம். வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டப்படி குறைந்தது 14 நாள்களாவது இருக்கும்; அந்த இரண்டு வாரம் நிதானமாகப் படிப்பதற்குப் போதும். பத்திரம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும் என்பதால், மலையாளம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றை அருகில் உட்கார வைத்துக்கொள்வது எந்த மொழிபெயர்ப்புச் செயலியையும்விட நல்லது.

சொத்துப் பகுதியில் எல்லோரும் கடைசிக் கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டு வாயைப் பிளக்கிறார்கள். அதில் பெரிய பயன் இல்லை. பரம்பரைத் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் ஒன்றும் செய்யாமலே கோடீசுவரராகத் தெரிவார். அவர் முன்பும் போட்டியிட்டவர் என்றால், சென்ற தேர்தலின் பத்திரத்தையும் எடுத்து இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். பழைய பத்திரங்கள் ஆணையத்தின் தளத்திலும், ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் நடத்தும் ‘மைநேத்தா’ தளத்திலும் கிடைக்கின்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் வாங்கிய நிலத்துக்கு வாங்கிய தேதியும் கொடுத்த விலையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். கடைசி ஐந்து ஆண்டுகளில் வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானமும் அதே பத்திரத்தில் இருக்கும். காட்டிய வருமானத்துக்குள் அந்த நிலம் அடங்குமா, அடங்காவிட்டால் கடன் பகுதியில் அதற்கு விளக்கம் உண்டா என்று பாருங்கள். கணவன் அல்லது மனைவி, சார்ந்திருப்போர் பெயரிலுள்ள பத்திகளையும் விட்டுவிடக் கூடாது. பல வேளைகளில் சொத்து வளர்வது அங்கேதான்.

எல்லைப்புறத்தில் இன்னொரு வசதியும் உண்டு. இங்கே நிற்பவர்களில் சிலருக்குப் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கமும் நிலம் இருக்கும். பத்திரத்தில் சர்வே எண் கொடுத்திருப்பார்கள் என்பதால், தமிழ்நாடு பதிவுத்துறையின் தளத்தில் அந்த எண்ணின் வழிகாட்டி மதிப்பைப் பார்த்து, அவர் எழுதிய சந்தை மதிப்போடு ஒப்பிடலாம். கேரளப் பக்கத்து நிலத்துக்கு இங்குள்ள பதிவுத்துறைத் தளத்தில், அரசு நிர்ணயித்த நியாய விலை கிடைக்கும். அவர் எழுதிய மதிப்பு அரசின் மதிப்பையும்விடக் குறைந்திருந்தால், அவரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

வழக்குகளை எண்ணாமல் பிரிவுகளைப் படியுங்கள். கேரளத்தில் போராட்டத்துக்குப் போன எவர் மீதும் சட்டவிரோதமாகக் கூடியது, பாதையை மறித்தது என்று வழக்குகள் சேர்ந்துவிடும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 147, 283 ஆகிய பிரிவுகள் பெரும்பாலும் அந்த வகைதான். அத்தகைய பத்து வழக்குகளைவிட, மோசடிக்கான 420, நம்பிக்கை மோசடிக்கான 406, பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவித்ததற்கான 354 ஆகியவற்றில் ஒரே ஒரு வழக்கு எனக்குப் பெரிதாகப் படும். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவற்றின் எண்கள் மாறிவிட்டன: மோசடி 318, நம்பிக்கை மோசடி 316, பெண்ணின் மானம் தொடர்பான குற்றம் 74. நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்துவிட்டதா என்ற பத்தியையும் பாருங்கள்; வனைந்திருந்தால், வழக்கு முதல் தகவல் அறிக்கையைத் தாண்டி விசாரணைக்கு வந்துவிட்டது என்று பொருள். வழக்கு எண்ணைக் கொண்டு நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் அதன் இன்றைய நிலையையும் அறியலாம்.

தேர்தல் நடத்தும் அலுவலர் பத்தி நிரப்பப்பட்டிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்; எழுதியது உண்மையா என்று ஆராய மாட்டார். பொய்த் தகவலுக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்க மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவு வழி செய்தாலும், அது தேர்தல் முடிந்து நெடுநாள் கழித்து நடக்கும் காரியம். ஆகவே வேட்பாளர் எழுதியதை மறுத்து எதிர் பிரமாணப் பத்திரம் யாராவது தாக்கல் செய்திருக்கிறார்களா என்றும் தேடுங்கள்.

அடுத்து வேலைத் திறன். தெருவிளக்கையும் சாக்கடையையும் வைத்துச் சட்டமன்ற உறுப்பினரை எடைபோடுவது நம் ஊரில் பழகிப்போன தவறு. அவை பஞ்சாயத்தின் பொறுப்பு; சட்டமன்ற உறுப்பினர் சபையில் எழுப்ப வேண்டியவை வேறு. பிளாச்சிமடை இந்தத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. அங்கே கோகோ கோலா ஆலையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011-ல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றியும், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது சட்டமாகவில்லை. தமிழ்நாட்டுடனான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையிலுள்ள மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். தமிழ்வழிப் பள்ளிகளின் ஆசிரியர் நியமனமும் அரசின் கையில் இருக்கிறது. இவற்றைப் பற்றிச் சபையில் என்ன கேட்டார் என்பதே பதவியில் இருப்பவரிடம் பார்க்க வேண்டியது. கேரளச் சட்டமன்றத்தின் தளத்தில் கேள்விகளும் அமைச்சர்களின் பதில்களும் கேட்டவர் பெயருடன் உள்ளன. ஒரு கூட்டத்தொடரின் பதில்களைப் புரட்டினாலே, கேட்டவர் யார், வாய் திறக்காதவர் யார் என்று தெரிந்துவிடும்.

புதியவர் என்றால், அவர் முன்பு பஞ்சாயத்திலோ கூட்டுறவு வங்கியிலோ பொறுப்பு வகித்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். பஞ்சாயத்துக் கூட்டக் குறிப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய்தான், ஆனால் பதிலுக்கு 30 நாள் வரை ஆகும் என்பதால் பெயர் அடிபடத் தொடங்கியதுமே விண்ணப்பித்துவிட வேண்டும்.

வாக்குக் கேட்டு வீட்டுக்கு வரும்போது, ‘தண்ணீர் வருமா?’ என்று கேட்டால் ‘வரும்’ என்றுதான் சொல்வார்கள். ‘மணக்கடவில் சென்ற ஆண்டு எவ்வளவு வந்தது, குறைந்திருந்தால் யாரிடம் எழுப்புவீர்கள்?’ என்று கேளுங்கள். விவரம் தெரிந்தவருக்கும் மனப்பாடமாகப் பேசுபவருக்கும் உள்ள வேறுபாடு அப்போதே வெளிப்படும். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய வழக்குக் கதைகளைப் பத்திரத்தோடு ஒத்துப் பார்க்காமல் மற்றவருக்கு அனுப்ப வேண்டாம்.

இவ்வளவும் செய்து முடிவெடுத்த பிறகு, பட்டியலில் நீங்கள் தேர்ந்தெடுத்தவரின் பெயரிலேயே வேறொருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். 2004-ல் ஆலப்புழை மக்களவைத் தொகுதியில் வி. எம். சுதீரன் 1,009 வாக்குகளில் தோற்றபோது, வி. எஸ். சுதீரன் என்பவர் 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றிருந்தார். இப்போது இயந்திரத்தில் வேட்பாளரின் படமும் இருந்தாலும், வரிசை எண்ணையும் சின்னத்தையும் முன்கூட்டியே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் பெயரோடு நிறுத்தாமல் அந்த எண்ணையும் சொல்லிக் கொடுங்கள்.