முதல் தண்டால்: படிக்கட்டிலிருந்து தரைக்கு

தண்டால் எடுக்க ஆசைப்படும் பலர் முதல் நாளே தரையில் இறங்கிவிடுகிறார்கள். இரண்டு எடுப்பதற்குள் இடுப்பு தொங்கிவிடும், தோள் காதுக்கருகே ஏறிக்கொள்ளும். நாலாம் நாள் பயிற்சியே நின்றுபோகும். தரையில் எடுக்கும் தண்டாலில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. 72 கிலோ எடையுள்ளவருக்கு அது 48 கிலோ. ஜிம்முக்குப் புதிதாக வந்தவரிடம் 48 கிலோவை பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது) போடு என்று யாரும் சொல்வதில்லை. தரையில் மட்டும் அதை எல்லோரிடமும் எதிர்பார்க்கிறோம்.

ஜிம்மில் எடைத் தட்டுகளைக் கழற்றிச் சுமையைக் குறைக்கலாம். வீட்டில் அந்த வேலையைச் செய்வது உயரம். கை எவ்வளவு மேலே இருக்கிறதோ, அவ்வளவு எடை காலுக்குப் போய்விடும். அதனால் வீட்டுப் படிக்கட்டைவிட நல்ல கருவி கிடையாது. ஒவ்வொரு படியும் ஆறேழு அங்குலம் என்பதால் சுமை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். படிக்கட்டு இல்லாதவர்கள் சமையல் மேடையில் தொடங்கி, சுவரோடு ஒட்டிப் போட்ட கட்டில், பிறகு உறுதியான மணை என்று இறங்கலாம். முட்டியைத் தரையில் ஊன்றி எடுப்பதும் உண்டு. ஆனால் உடலை ஒரே பலகையாக நிறுத்தும் பழக்கம் அதில் குறைவாகவே வரும் என்பதால் படியையே பரிந்துரைக்கிறோம்.

கீழிருந்து ஐந்தாம் படியில் கை வையுங்கள். உள்ளங்கைகளுக்கு இடையே தோளின் அகலத்தைவிடச் சற்றே கூடுதல் இடைவெளி இருக்கட்டும். வெறுங்காலோடு நிற்க வேண்டும். காலுறையோடு மொசைக் தரையில் நின்றால் நிச்சயம் வழுக்கும். பிட்டத்தை இறுக்குங்கள், வயிற்றை இறுக்குங்கள். மூச்சை உள்ளே இழுத்தபடி மூன்று எண்ணும் நேரத்தில் இறங்கி, படியின் விளிம்பை நெஞ்சு தொட்டதும் மூச்சை விட்டுக்கொண்டே தள்ளி எழுங்கள். மேலிருந்து பார்த்தால் முழங்கைகள் உடலோடு அம்புமுனை போலச் சாய்ந்திருக்க வேண்டும். சிலுவை மாதிரி பக்கவாட்டில் விரிந்தால், தோளின் முன்பக்கம் சில வாரங்களில் வலிக்கத் தொடங்கிவிடும்.

பக்கத்தில் போனை நிறுத்திவைத்து ஒரு செட்டை, அதாவது ஓய்வில்லாமல் எடுக்கும் ஒரு சுற்றை, படமெடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு தவறுகள் தெரியும். ஒன்று, நெஞ்சுக்கு முன்னால் மூக்கு போய்ப் படியைத் தொடுவது. கழுத்தை நீட்டி ஆழத்தை ஏமாற்றுகிறோம் என்று அர்த்தம். பார்வையைக் கைக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினால் சரியாகும். இன்னொன்று, எழும்போது நெஞ்சு முதலிலும் இடுப்பு பின்னாலும் வருவது. பிட்டத்தின் இறுக்கம் தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கு மேல் எடுப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்று செட், ஒவ்வொன்றிலும் 8. செட்டுகளுக்கு நடுவே இரண்டு நிமிட ஓய்வு. இன்னும் ஒன்றிரண்டு எடுக்கலாம் என்ற தெம்பு மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். மூன்று செட்டிலும் 12 சுத்தமாக வந்தால், அடுத்த முறை ஒரு படி கீழே. அங்கே எண்ணிக்கை 6, 7 என்று குறையும். அது பின்னடைவல்ல, சுமை கூடியதன் அடையாளம். வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டுச் செய்தால் போதும். ஒரு படி இறங்கச் சிலருக்கு இரண்டு வாரம் ஆகும், சிலருக்கு ஐந்து.

காலுக்குப் பஸ்கி, அதாவது உட்கார்ந்து எழுவது. தோப்புக்கரணம் போடத் தெரிந்தவருக்கு அசைவு ஏற்கெனவே தெரியும். குதிகால் தரையை விட்டு எழும்பினால் கணுக்கால் இறுகியிருக்கிறது. அது இளகும்வரை குதிகாலுக்கு அடியில் அரை அங்குலப் பலகை வைத்துக்கொள்ளுங்கள். முட்டிகள் உள்பக்கம் விழாமல் கால்விரல் நோக்கும் திசையிலேயே போக வேண்டும். 20 பஸ்கி எளிதாக வந்த பிறகு அதை 100 ஆக்குவதால் வலிமை பெரிதாகக் கூடாது, களைக்காமல் தாக்குப்பிடிக்கும் திறன்தான் கூடும். அதற்குப் பதில் ஒரு காலைப் பின்னால் நாற்காலிமேல் வைத்து, முன்காலில் உட்கார்ந்து எழுங்கள், காலுக்கு 8 வீதம்.

வீட்டில் பயிற்சி செய்பவர்கள் அதிகம் விட்டுவிடுவது இழுக்கும் பயிற்சி. தள்ளிக்கொண்டே இருந்தால் நெஞ்சு வளரும், முதுகு பின்தங்கும். பூங்காவில் கம்பி இருந்தால் 20 விநாடி தொங்குவதில் தொடங்குங்கள், மூன்று முறை. அது பழகியதும் ஸ்டூலில் ஏறி, முகவாய் கம்பிக்கு மேலே இருக்கும் நிலையில் பிடித்துக்கொண்டு, ஐந்து விநாடியில் மெதுவாக இறங்குங்கள். ஐந்து முறை போதும். கம்பி இல்லாவிட்டால் தடித்த பெட்ஷீட்டின் நுனியில் பெரிய முடிச்சுப் போட்டு, முடிச்சு அந்தப் பக்கம் இருக்குமாறு கதவின் மேல்விளிம்பில் மாட்டிச் சாத்தித் தாழிடுங்கள். பின்னால் சாய்ந்து, நெஞ்சைக் கதவை நோக்கி இழுக்கலாம். கதவு உங்கள் பக்கம் திறப்பதாக மட்டும் இருக்கவே கூடாது. மின்விசிறிக் கொக்கி, ஜன்னல் சன்ஷேடு இவற்றில் தொங்காதீர்கள்.

பயிற்சியின் கடைசியில் பிளாங்க் (முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல அசையாமல் நிறுத்துவது), 30 விநாடி, மூன்று முறை.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை கனத்து வலிப்பது இயல்பு. மூட்டுக்குள் குத்துவது இயல்பல்ல, அந்த அசைவை நிறுத்துங்கள். மணிக்கட்டு வலித்தால் உள்ளங்கையை விரிக்காமல் முஷ்டியை ஊன்றிப் பாருங்கள். நெஞ்சுவலி, தலைச்சுற்றல் வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் அவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும், எந்த அசைவிலும் மூச்சை அடக்கக் கூடாது.

சாப்பாட்டில் பார்க்க வேண்டியது புரதம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் 20 கிராம் அளவுக்கு இருக்கிறது. மூன்று வேளையும் அரிசியை மட்டும் நம்புபவர்கள் ஒவ்வொரு வேளையிலும் முட்டை, பருப்பு, தயிர், மீன் என ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படியில் மூன்று செட்டும் 12 வந்த பிறகு தரைக்கு வாருங்கள். அங்கே மூன்றோ நாலோதான் வரும். முதல் செட்டை மட்டும் தரையில் எடுத்துவிட்டு, மீதி இரண்டையும் படியிலேயே முடியுங்கள்.