ஊட்டியிலிருந்து ஐரோப்பாவுக்கு ஃபெரட்டோடு: தேதிக் கணக்கு தப்பாமல் கிளம்புவது எப்படி?

விசா கைக்கு வந்த பிறகு ஃபெரட்டுக்கான (கீரி போலத் தெரியும் சின்னச் செல்லப்பிராணி) காகிதங்களைத் தேட ஆரம்பித்தால் நாள் போதாது. நாய், பூனை, ஃபெரட் மூன்றுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் கிட்டத்தட்ட ஒரே விதிதான். ஆனால் அவர்கள் சலுகை தரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் ரேபிஸ் எதிர்ப்புச் சக்தியை அளக்கும் ரத்தப் பரிசோதனையும், அதன்பின் 3 மாதக் காத்திருப்பும் கட்டாயம். 6 மாதம் முன்பே தொடங்குங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கலிஃபோர்னியா, ஹவாய் என்றால் ஆரம்பிக்கவே வேண்டாம், அங்கெல்லாம் ஃபெரட்டைக் கொண்டுபோக முடியாது.

படி 1: சிப்

ரேபிஸ் ஊசிக்கு முன்னால் மைக்ரோசிப், அதாவது தோலுக்கு அடியில் போடும் அடையாள எண் சில்லு. இந்த வரிசை மாறினால் எல்லாமே முதலிலிருந்துதான்: சிப் இல்லாதபோது போட்ட ஊசி கணக்கில் சேராது. ஒரே நாளில் இரண்டையும் செய்யலாம், ஆனால் சிப் முதலில். ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில் 15 இலக்க எண் உள்ளதாக இருக்க வேண்டும். வழக்கமான சிப் 12 மி.மீ. நீளம். ஃபெரட்டின் சின்ன உடம்புக்கு 8 மி.மீ. மினி சிப் கேட்டு வாங்குங்கள், அதன் ஊசியும் மெல்லியது. போட்டதும் ஸ்கேன் செய்து, திரையில் வரும் எண்ணைத் தடுப்பூசி அட்டையில் எழுதச் சொல்லுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் விமான நிலையத்தில் அது வேறொரு பிராணியின் அட்டை.

படி 2: ரேபிஸ் ஊசி

குட்டிக்கு 12 வாரம் முடிந்திருக்க வேண்டும். ஊசி போட்டதும் கிளம்பிவிடாமல் அரை மணி நேரம் கிளினிக்கிலேயே இருங்கள். ஃபெரட்டுக்கு ஒவ்வாமை சீக்கிரம் வரும்: வாந்தி, ஈறு சிவத்தல், வால் முடி பாட்டில் தேய்க்கும் பிரஷ் மாதிரி விறைத்து நிற்பது. இதில் எது தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நாய்களுக்குப் போடும் டிஸ்டம்பர் கூட்டு ஊசியை ஃபெரட்டுக்குப் போட விடாதீர்கள். அதில் உள்ள உயிருள்ள கிருமியே நோயைக் கொடுத்துவிடலாம், டிஸ்டம்பர் வந்த ஃபெரட் பிழைப்பது அரிது.

படி 3: ரத்தம்

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஊசி போட்டு 30 நாள் கழிந்த பிறகே ரத்தம் எடுக்க வேண்டும். 29-ஆம் நாள் எடுத்தது செல்லாது. எடுத்த நாளிலிருந்து 3 மாதம் எண்ணுங்கள், ரிசல்ட் வந்த நாளிலிருந்து அல்ல. ரேபிஸ் எதிர்ப்புச் சக்தியின் அளவு 0.5 ஐயூ/மி.லி. அல்லது அதற்கு மேல் வர வேண்டும். பரிசோதனையை ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகம்தான் செய்ய வேண்டும்.

1 கிலோ ஃபெரட்டிடம் 3 மி.லி. ரத்தம் எடுத்தால் ஆபத்தில்லை, அதில் ஏறக்குறைய 1 மி.லி. சீரம் (ரத்தச் செல்கள் நீங்கிய தெளிந்த நீர்) கிடைக்கும். வெறும் வயிற்றில் கொண்டுபோக வேண்டியதில்லை. ஃபெரட்டின் குடலில் சாப்பாடு 3, 4 மணி நேரத்தில் கடந்துவிடும். நீண்ட பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். ரத்தத்தை அப்படியே குழாயில் வைத்துக் கொண்டை ஊசி வளைவுகளில் குலுக்கி இறக்காதீர்கள், செல்கள் உடைந்துவிடும். மலையிலேயே மெஷினில் சுற்றிச் செல்களைப் பிரித்துவிட்டு, சீரத்தை மட்டும் ஐஸ் பேக்கோடு அனுப்புங்கள். நல்ல சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிந்திருக்கும். ரோஸ் நிறம் தட்டினால் ஆய்வகம் திருப்பிவிடலாம்.

பாஸான பிறகு ரேபிஸ் பூஸ்டர் ஊசியை ஒரு நாள்கூடத் தவற விடாதீர்கள். தேதி தப்பாத வரை இந்த ரிசல்ட் செல்லுபடியாகும்.

படி 4: சான்றிதழ்

உள்ளூர் கால்நடை மருத்துவரின் சான்று மட்டும் போதாது. சென்னை பள்ளிக்கரணையிலோ பெங்களூரிலோ உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். அதிகாரி கையெழுத்திட்ட 10 நாளுக்குள் ஐரோப்பாவில் நுழைந்தாக வேண்டும், ஆகவே முன்கூட்டி வாங்கி வைக்க முடியாது. முதலில் இறங்கும் நாட்டின் மொழி உள்ள படிவம்தான் வேண்டும்: பாரிஸில் இறங்கி பெர்லின் போகிறவருக்கு பிரெஞ்சுப் படிவம். நீங்கள் வேறு விமானத்தில் போனால் இரண்டு பயணங்களுக்கும் இடைவெளி 5 நாளைத் தாண்டக் கூடாது.

ஃபெரட்டைக் கீரி என்று நினைப்பவர்கள் நம் ஊரில் அதிகம். கீரி வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வாங்கிய ரசீதும் இனம் குறிப்பிட்ட மருத்துவர் கடிதமும் கையிலேயே இருந்தால் சோதனைச் சாவடியில் வாக்குவாதம் வராது.

படி 5: கூண்டும் இறக்கமும்

தலை நுழையும் ஓட்டையில் ஃபெரட்டின் முழு உடம்பும் நுழைந்துவிடும். நாய்க்கூண்டு வாங்கினால் ஜன்னல்களுக்கு உள்ளிருந்து அரை அங்குல வெல்டு மெஷ் கட்டுங்கள். தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். விமானத்தில் எப்படி ஏற்றுவார்கள் என்பதை டிக்கெட் போடும் முன்பே கேளுங்கள். பெரும்பாலும் கேபினில் இடம் தர மாட்டார்கள். பிரிட்டன் என்றால் கார்கோ மட்டும்தான்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அந்தக் குளிரில் வளர்ந்த ஃபெரட்டுக்கு மேட்டுப்பாளையம் வெயில் திடீரென்று தாக்கும். அதற்கு வியர்க்காது, 30 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து. விடிவதற்கு முன் கிளம்பி, வண்டியில் ஏசியை ஓட விடுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கித் துணி போலத் துவண்டால் ஐஸ் வைக்காதீர்கள். சாதாரணத் தண்ணீரால் பாதங்களையும் வயிற்றையும் நனைத்து, விசிறிக்கொண்டே அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.