பதற்றம் வந்தால் விரலால் தட்டுங்கள்: டேப்பிங், முதல்முறை செய்பவர்களுக்கு

எங்கள் வீடு ஆறாவது மாடியில். போன வருடம் மே மாதம் ஒரு மதியம் கரண்ட் போய், மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. ஜெனரேட்டரைப் போட ஆள் வருவதற்கு இருபது நிமிடம் ஆனது. உள்ளே நான் மட்டும், கையில் இரண்டு பால் பாக்கெட். ஒன்றும் ஆகவில்லை, பால்கூடத் திரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து லிஃப்ட் கதவு மூடும்போது வருகிற அந்த 'டக்' சத்தம் கேட்டாலே நெஞ்சு இறுகிப்போகும். இரண்டு மாதம் படிக்கட்டிலேயே ஏறி இறங்கி, கடைசியில் முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்த பிறகுதான் இந்த டேப்பிங் பக்கம் வந்தேன்.

விஷயம் எளிது. அக்குபஞ்சரில் ஊசி குத்துகிற சில புள்ளிகளை ஊசி இல்லாமல் விரல் நுனியால் தட்டிக்கொண்டே, மனதை அரிக்கிற விஷயத்தை வாய்விட்டுச் சொல்வது. அமெரிக்க உளவியலாளர் ரோஜர் கலஹன் 1980 வாக்கில், தண்ணீரைக் கண்டாலே நடுங்கிய ஒரு பெண்ணுக்குக் கண்ணுக்குக் கீழே தட்டிப் பார்த்ததில் தொடங்கிய கதை இது. அவர் ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒவ்வொரு வரிசை வைத்திருந்தார். அவரிடம் கற்ற கேரி கிரெய்க் ஓர் இன்ஜினியர், "எதுக்கு இவ்வளவு குழப்பம்" என்கிற மாதிரி எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை போதும் என்று 1990களில் சுருக்கிவிட்டார். அதற்கு இ.எஃப்.டி. (எமோஷனல் ஃப்ரீடம் டெக்னிக்ஸ்) என்று பெயர். நாம் செய்யப்போவது அதைத்தான். நம் ஊர் வர்மத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு மரபு, ஆசான் இல்லாமல் கை வைக்கிற விஷயமும் இல்லை.

முதல் வேலை, எதற்காகத் தட்டப்போகிறோம் என்று முடிவு செய்வது. பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான், நானும் விட்டேன். "எனக்கு டென்ஷன்" என்று சொல்லிக்கொண்டு ஒரு வாரம் தட்டினேன், கன்னம் சிவந்ததுதான் மிச்சம். அப்புறம் "லிஃப்ட் பயம்" என்று மாற்றினேன், கொஞ்சம் பரவாயில்லை. ஒருநாள் கண்ணை மூடி உட்கார்ந்து, உண்மையில் எந்த நொடியில் பயம் வருகிறது என்று யோசித்தபோதுதான் தெரிந்தது: லிஃப்ட் ஏறும்போது இல்லை, நிற்கும்போதும் இல்லை, கதவு மூடும் அந்தச் சத்தத்தில். அதை வைத்துத் தட்டிய அன்றுதான் ஏதோ அசைந்தது. அதனால் "ஆபீஸ் பிரச்சினை" என்று வைத்துக்கொள்ளாதீர்கள். "திங்கட்கிழமை மீட்டிங்கில் என் பெயரைக் கூப்பிடும்போது தொண்டை அடைப்பது" என்று வையுங்கள். பயம் உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சேருங்கள், தொண்டையா, வயிறா, நெஞ்சா.

அடுத்து அதற்கு மார்க் போடுங்கள். 0 என்றால் ஒன்றுமே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாது. யோசிக்காமல் மனதில் முதலில் தோன்றுகிற எண். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முடிந்த பிறகு "முன்னாடியே இவ்வளவுதானே இருந்தது" என்று மனது பொய் சொல்லும். என்னுடைய முதல் மார்க் 8.

சரி, இப்போது தட்டலாம். கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், நகம் நீளமாக இருந்தால் வெட்டிவிடுங்கள். இடது உள்ளங்கையின் ஓரம், சுண்டுவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் சதைப்பற்றான பக்கம், கராத்தேக்காரர்கள் ஓடு உடைக்கிற பக்கம், அங்கே வலது கை விரல்களால் தட்டிக்கொண்டே ஒரு வாக்கியத்தை மூன்று முறை சொல்ல வேண்டும். நான் சொன்னது இது: "கதவு மூடுற சத்தம் கேட்டா நெஞ்சு இறுகுது, இருந்தாலும் பரவாயில்லை, என்னை நான் அப்படியே ஏத்துக்கறேன்." ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே எடுத்து "ஆழமாகவும் முழுமையாகவும் ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தேன், பட்டிமன்றத்தில் பேசுகிற மாதிரி இருந்தது, எனக்கே சிரிப்பு வந்தது. வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே சொல்லுங்கள். "ஏத்துக்கறேன்" வாயில் வரவில்லை என்றால் "இப்போ நான் பத்திரமாத்தான் இருக்கேன்" என்று முடியுங்கள்.

பிறகு வரிசை, மேலிருந்து கீழே. புருவம் மூக்குப் பக்கம் தொடங்குகிற இடம். அப்புறம் கண்ணின் வெளி ஓரத்தில் இருக்கும் எலும்பு. கண்ணுக்கு நேர் கீழே உள்ள எலும்பு (இங்கே மெதுவாக, எலும்பின் மேல்தான், கண்ணில் இல்லை). மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில். கீழுதட்டுக்கும் தாடைக்கும் நடுவில் இருக்கும் குழி. அடுத்தது காறை எலும்பு: கழுத்தடியில் சட்டையின் முதல் பட்டன் வருகிற குழியிலிருந்து ஓர் அங்குலம் கீழே, ஓர் அங்குலம் பக்கவாட்டில், இங்கே மட்டும் நாலு விரலையும் சேர்த்துத் தட்டினால் சரியாக விழும். பிறகு அக்குளுக்கு நான்கு அங்குலம் கீழே, விலாப் பக்கம். கடைசியில் உச்சந்தலை. ஒவ்வொரு இடத்திலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து ஐந்திலிருந்து ஏழு தட்டு, கதவைத் தட்டுகிற வேகத்தில், வலிக்காமல். இடதா வலதா என்று கவலைப்பட வேண்டாம். தட்டும்போது முழு வாக்கியம் வேண்டியதில்லை, "அந்த டக் சத்தம்", "நெஞ்சு இறுக்கம்" என்று துண்டு துண்டாகச் சொன்னால் போதும்.

ஒரு சுற்று முடிந்ததும் மூச்சை இழுத்து மெதுவாக விடுங்கள். திரும்பவும் மார்க் போடுங்கள். 8 என்பது 6 ஆகியிருக்கலாம், அப்படியேவும் இருக்கலாம். மூன்று நான்கு சுற்று செய்யுங்கள், எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. எண் அசையவே இல்லையா? புள்ளி தவறோ என்று மறுபடி தேடிக்கொண்டிருக்காதீர்கள், வாக்கியத்தை மாற்றுங்கள். சில சமயம் பயத்துக்கு அடியில் வேறு ஏதாவது இருக்கும். எனக்கு மூன்றாவது நாள், கதவைத் தட்டிக் கத்தியும் யாரும் வரவில்லையே என்ற கோபம் வந்தது. பயத்தை விட்டுவிட்டு அன்றைக்கு அந்தக் கோபத்தை வைத்தே தட்டினேன்.

புள்ளியைப் பற்றி நான் இவ்வளவு அலட்சியமாகப் பேசக் காரணம் இருக்கிறது. கனடாவில் செய்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்களில் ஒரு குழு சரியான புள்ளிகளிலும், இன்னொரு குழு கையில் ஏதோ ஓர் இடத்திலும், மூன்றாவது குழு ஒரு பொம்மையின் மேலும் தட்டியது. மூன்று குழுவுக்குமே பயம் குறைந்தது, தட்டாதவர்களுக்குக் குறையவில்லை. இன்னொரு பக்கம், 2012-இல் 83 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு மணி நேரம் டேப்பிங் செய்தவர்களுக்கு எச்சிலில் இருக்கும் கார்டிசால் என்கிற மனஅழுத்த ஹார்மோன் சுமார் 24 சதவீதம் குறைந்தது, சும்மா இருந்தவர்களுக்கு 14 சதவீதம்தான். ஆனால் ஆய்வை நடத்தியவரே இந்த முறையைக் கற்றுக்கொடுக்கிறவர் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில், தட்டினால் உடம்பில் சக்தி ஓட்டம் திறக்கிறது என்று இதைக் கற்றுக்கொடுப்பவர்கள் சொல்கிற பேச்சை நம்பாமலேயே இதைச் செய்யலாம். பயத்தைத் தள்ளிவிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதே நேரம் கைக்கும் ஒரு வேலை கொடுத்து உட்கார்ந்திருக்கிறோம், அதுவே பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

சில விஷயங்களைத் தனியாகத் தொடவே வேண்டாம். விபத்து, வன்முறை, நெருங்கியவர் சாவு போன்றவற்றை மனநல ஆலோசகர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் எடுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை இதை நம்பி நிறுத்தக் கூடாது. நெஞ்சு வலி புதிதாக வந்தால் அது பதற்றம்தான் என்று நீங்களே முடிவு செய்து தட்டிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

வெளியிடத்தில் முகத்தைத் தட்டிக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தால், மேசைக்கு அடியில் உள்ளங்கை ஓரத்தை மட்டும் தட்டுங்கள், யாருக்கும் தெரியாது. நான் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது காறை எலும்பை மட்டும் தட்டுவேன். கீழ்வீட்டு மாமி ஒருநாள் பார்த்துவிட்டு "நெஞ்சுல கபமாப்பா?" என்று கேட்டு, மறுநாள் கற்பூரவல்லி இலை கொண்டுவந்து கொடுத்தார். இப்போது என் மார்க் 2. வானம் கருத்து, கரண்ட் போகும்போல் தெரிந்தால் மட்டும் இன்னமும் படிக்கட்டுதான்.