தேன் குப்பியில் நான் செய்த தவறுகள்

மார்த்தாண்டத்தில் ஒரு சிறு தேன் வியாபாரிக்காக நான் வடிவமைத்த முதல் குப்பி அறுகோணமானது. தேனடையின் அறை அறுகோணம், ஆகவே குப்பியும் அறுகோணம். அப்போது அது எனக்குப் பெரிய யோசனையாகத் தெரிந்தது. ஒடுங்கிய கழுத்து, தங்க நிற மூடி, காகித லேபிள். படம் எடுத்தால் அவ்வளவு அழகு. இரண்டே மாதத்தில் குப்பிகள் திரும்பி வரத் தொடங்கின.

"தேன்ல சீனி கலந்திருக்கு" என்பதுதான் புகார். கலப்படம் எதுவும் இல்லை. குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டத்துத் தேன்தான் அதிகம். ரப்பர் மரத்தின் தளிர் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேனீக்கள் எடுத்துச் சேர்ப்பது அது. அதிலுள்ள குளுக்கோஸ் பிரிந்து சீக்கிரமே உறைந்துவிடும். உறைந்தது ஒடுங்கிய கழுத்து வழியே வராது. மூலைகளில் ஒட்டியது கரண்டிக்கும் எட்டாது. உள்ளே இருக்கப்போகும் பொருளின் குணம் தெரியாமல் வெளியே கோடு வரைந்தது முதல் தவறு.

முன்கூட்டி யாரிடமும் கேட்கவில்லையா என்றால், கேட்டேன். மாதிரிக் குப்பியைக் கையில் கொடுத்து "எப்படி இருக்கு?" என்றேன். எல்லோரும் "நல்லாயிருக்கு" என்றார்கள். ஆசையாகச் செய்து கொண்டுவந்தவன் முகத்துக்கு நேரே வேறென்ன சொல்வார்கள்? மரியாதை மட்டும் காரணம் இல்லை. ஜப்பானில் ஹிட்டாச்சி வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த குரோசுவும் காஷிமுராவும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், ஏடிஎம் திரையின் 26 அமைப்புகளை 252 பேரிடம் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். கண்ணுக்கு அழகாகப் பட்டதையே 'பயன்படுத்த எளிது' என்றும் பலர் மதிப்பிட்டிருந்தார்கள். அழகான மாதிரியைக் காட்டி வசதியைப் பற்றிக் கேட்டால் கிடைக்கும் பதிலை நம்பக் கூடாது.

அப்புறம்தான் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வீட்டு அடுக்களையில் போய் உட்கார்ந்தேன். என் குப்பி எறும்புக்குப் பயந்து தண்ணீர்த் தட்டின் நடுவே நின்றது. லேபிள் ஊறிப் பாதி உரிந்திருந்தது. "மூடியும் ஒட்டிக்கிடும் மக்களே, துணிய வச்சுத்தான் திருக்கணும்" என்றார் அந்த வீட்டு அம்மச்சி. அங்கே போகாமல் வெறும் கேள்வித்தாளை நீட்டியிருந்தால் இந்தத் தண்ணீர்த் தட்டை யார் சொல்லியிருப்பார்கள்? குப்பியை வாங்கி வந்தது மகன். தினமும் திறப்பது அம்மச்சி. வாங்குபவரை மட்டும் மனதில் வைத்து வரைவது பலரும் செய்கிற தவறு.

கேட்டால் பதிலே சொல்லாத பயனாளியும் உண்டு: தேனீ. பெட்டிக்குள் அடை கட்டுவதற்கான மரச்சட்டங்களுக்கு இடையே வழி குறுகினால் பிசினால் அடைத்துவிடும், அகன்றால் அங்கேயும் அடை கட்டிவிடும். அமெரிக்காவில் தேனீ வளர்த்த லாங்ஸ்ட்ராத் 1851இல் இதைக் கவனித்துத்தான் கழற்றி மாட்டும் சட்டங்கள் கொண்ட பெட்டியைச் செய்தார். நம் இந்தியத் தேனீ உருவத்திலும் கூட்டத்திலும் சிறியது. அதற்கேற்ப வந்த ‘நியூட்டன்’ என்ற வகைத் தேனீப் பெட்டியும் சிறியதுதான். பார்க்கக் கம்பீரமாக இருக்கட்டும் என்று அதைப் பெரிதாக்கினால் தேனீக்கு என்ன லாபம்?

இதையெல்லாம் கேட்டுவிட்டு 'சரி, அழகே வேண்டாம்' என்று முடிவு கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாகர்கோவில் வடசேரியில் பரதநாட்டியம் ஆடுகிறவர்களுக்குச் செய்யும் கோயில் நகையைப் பாருங்கள். அந்தச் சிவப்புக் கல் அரங்கின் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும். அங்கே அழகுதான் வேலை. கூடவே, ஆடும்போது நெற்றிச்சுட்டி நழுவவும் கூடாது.

இரண்டாவது குப்பியை உருண்டையாக, கை நுழையும் அளவு வாயோடு செய்தோம். மூடியின் விளிம்பில் பிடிப்புக்கு வரிகள். தண்ணீர் எட்டாத உயரத்தில் லேபிள், அதில் பெயருக்கு அடுத்தபடியாகப் பெரிய எழுத்தில், "உறைந்தால் குப்பியை இளஞ்சூட்டு வெந்நீரில் வையுங்கள்." அறுகோணம் மூடியின் மேல் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.