கனடா ஆய்வு மானியம்: விண்ணப்பத்தில் கோட்டை விடுகிற இரண்டு இடங்கள்

கனடாவில் அறிவியல், பொறியியல் பேராசிரியர்களுக்கு அக்டோபர் மாதம் தூக்கம் கெடும். இயற்கை அறிவியல், பொறியியல் ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் அரசு அமைப்பான என்.எஸ்.இ.ஆர்.சி.யின் டிஸ்கவரி மானியத்துக்கு ஆகஸ்ட் 1-ல் முன்னறிவிப்பு, நவம்பர் 1-ல் முழு விண்ணப்பம் என்பது வழக்கம். நண்பர்களின் வரைவுகளைச் சில வருடங்களாகப் படித்துக் கொடுக்கிறேன். ஆய்வுத் திட்டம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இதுவரை என்ன செய்தோம், மாணவர்களை எப்படித் தயார்செய்தோம் என்று சொல்லும் இரண்டு இடங்களில்தான் சறுக்கல்.

திட்டம், ஆய்வாளர், மாணவர் பயிற்சி மூன்றுக்கும் சம மதிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஆறு படிகளில் தரம் போடுவார்கள். ஏதாவது ஒன்றில் ‘போதாது’ என்ற கடைசிப் படிக்குப் போய்விட்டால், மற்ற இரண்டும் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் பணம் கிடையாது. இது தெரிந்தும் பயிற்சிப் பகுதியைக் கடைசி இரவுக்குத் தள்ளுகிறவர்கள்தான் அதிகம்.

தொழில்துறையோடு வேலை செய்கிறவர்களிடம் நான் பார்க்கும் முதல் தவறு கூச்சம். கட்டுரை மட்டும்தான் ஆய்வு என்று ஊறிப்போயிருக்கிறது. காப்புரிமை, மென்பொருள், தரநிலைக் குழுவில் செய்த வேலை எல்லாம் ஒற்றை வரியில் சுருங்கிவிடும். ஒரு வரைவில் “தொழில்நுட்ப அறிக்கைகள் (ரகசியம்): 14” என்று மட்டும் இருந்தது. என்னதான் ரகசியம் என்று கேட்டேன். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு பாலத்தின் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற வேலையாம். எந்தப் பாலம், என்ன அளவு என்பதுதான் ரகசியம். முறையில் ஒளிக்க ஒன்றுமில்லை. சரி என்று உட்கார்ந்து மாற்றினோம்: “கான்கிரீட்டை உடைக்காமலே கம்பியின் துருவை மதிப்பிடும் முறையை உருவாக்கினோம். எந்தப் பாலத்தை முதலில் பழுதுபார்ப்பது என்று முடிவெடுக்கப் பராமரிப்புப் பிரிவு இதைப் பயன்படுத்துகிறது. கள அளவீட்டை என் முதுகலை மாணவர் நடத்தினார்.” நிறுவனத்திடம் காட்டி ஒப்புதல் வாங்க ஒரு வாரம் பிடித்தது. அக்டோபர் 30-ல் கேட்டிருந்தால் நடந்திருக்காது.

இன்னொரு கூட்டம் எதிர்த்திசையில் ஓடும். “தொழில்துறையில் மாபெரும் தாக்கம்” என்பார்கள். யார், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது இருக்காது. நிறுவனம் கொடுத்த டாலரைப் பெருமையாகப் போடுவார்கள். அது வரவு, பங்களிப்பாகாது. இதழின் இம்பாக்ட் ஃபேக்டரும், அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணும், அப்படித்தான். அதை வைத்து ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்கிற டோரா (DORA) என்ற சர்வதேசப் பிரகடனத்தில் என்.எஸ்.இ.ஆர்.சி. 2019-லேயே கையெழுத்திட்டுவிட்டது.

மாணவர் பகுதியில் “6 முதுகலை, 3 முனைவர்” என்று தலைகளை எண்ணிவிட்டு நகர்கிறார்கள். அந்த ஆறு பேரும் எதைக் கற்றுக்கொண்டார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? கோடையில் வந்துபோன இளநிலை மாணவர்களையும் ஆய்வக டெக்னீஷியனையும் கணக்கிலேயே சேர்க்க மறந்துவிடுகிறார்கள். கட்டுரைப் பட்டியலில் எந்தப் பெயர் மாணவருடையது என்று குறிப்பதில்லை. முதல் ஆசிரியர் மாணவர்தான் என்பது படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? இணை வழிகாட்டியாக இருந்த இடத்தில் அதை மறைக்கவே வேண்டாம். அதே மாணவர் இன்னொருவருடைய விண்ணப்பத்திலும் இருப்பார். மாணவரின் பெயரைப் போட அவருடைய சம்மதம் வேண்டும், இதையும் பலர் கடைசியில்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

“என் குழுவில் பாதிப் பேர் பெண்கள்” என்ற வரியும் அடிக்கடி வருகிறது. மாணவர்களின் பாலினம், இனம் பற்றிய கணக்கை யாரும் கேட்கவில்லை. ஆளெடுப்பு விளம்பரத்தை எங்கெல்லாம் போட்டீர்கள், நேர்முகத்தில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டீர்களா என்பதுதான் விஷயம். அப்புறம், “வாரம் ஒருமுறை சந்திப்பேன்” என்பதை எல்லோருமே எழுதுகிறார்கள். அந்தச் சந்திப்பில் நடப்பதைச் சொல்லுங்கள்: மாணவரே நிறுவனப் பொறியாளர்களுக்கு முடிவுகளை விளக்குகிறாரா, அறிக்கையின் முதல் வரைவு யாருடையது?

எனக்கும் அடி விழுந்திருக்கிறது. படித்து முடித்துப்போன ஒரு மாணவரின் சம்மதம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்தது. பல்கலைக்கழகம் அந்த முகவரியை எப்போதோ மூடிவிட்டிருந்தது. அவர் பெயரை விட்டுவிட்டுத்தான் விண்ணப்பித்தேன். இப்போது ஒரு எக்செல் தாள் வைத்திருக்கிறேன். பெயர், சேர்ந்த தேதி, முடித்த தேதி, செய்த வேலை, சொந்த மின்னஞ்சல், சம்மதம், இப்போதைய வேலை என்று ஏழு கட்டங்கள். ஆய்வேட்டில் கையெழுத்து வாங்க மாணவர் அறைக்கு வரும் நாளில், பேனாவைக் கையில் எடுக்கும் முன்பே முதல் ஆறையும் நிரப்பிவிடுகிறேன்.