டக்ட் ஹீட்டரோடு ஏசி சேர்க்கும் முன்

மெல்பர்னில் பல வீடுகளில் கேஸ் டக்ட் ஹீட்டர் (கேஸில் காற்றைச் சூடாக்கி, குழாய்கள் வழியே அறைகளுக்கு அனுப்பும் கருவி) ஏற்கெனவே இருக்கும். அதே குழாய்களில் ஏசியையும் சேர்க்கலாம்: ஹீட்டரை ஒட்டி ஒரு குளிர்விக்கும் சுருள் (coil), வெளியே கம்ப்ரசர். ஆனால் விலை விசாரிக்கும் முன் குழாயைப் பாருங்கள். குளிரூட்ட, சூடாக்குவதைவிட அதிகக் காற்று ஓட வேண்டும். ஹீட்டருக்கென்று போட்ட 150 மில்லிமீட்டர் குழாய் பெரும்பாலும் போதாது. பழைய ஹீட்டரின் விசிறிக்கும் அந்தத் தெம்பு இருக்காது. காற்று வரும் துவாரம் தரையில் என்றால் குளிர் காலடியிலேயே தங்கிவிடும் (கால் விறைக்கும், தலை வியர்க்கும்!). குழாயின் இன்சுலேஷன் கிழிந்திருந்தால் கூரைக்குள் நீர் கோத்துச் சொட்டும். அப்புறம், வேலைக்கு வருபவரிடம் ஏஆர்சி (ஆஸ்திரேலிய குளிர்பதனக் கவுன்சில்) உரிமம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்; ஏசிக்குள் ஓடும் குளிர்பொருளை (refrigerant) கையாள ஆஸ்திரேலியாவில் அது கட்டாயம்.